மூணு மணி முழிப்புக்கு யாரைக் கேட்பது?

இந்தப் பதிவை முக்கியமாக நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்காக எழுதுகிறேன். ஆண்களும் படியுங்கள், உங்களுக்கான சேதி நடுவில் வருகிறது.

எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வந்த தூக்கம் தங்காததுதான் என் பாடு. பத்து மணிக்குக் கண்ணை மூடினால் பன்னிரண்டரைக்கு முழிப்பு தட்டும். திரும்பத் தூங்கினால் ரெண்டு மணிக்கு இன்னொன்று. மூணேகாலுக்கு வருகிறதே, அதுதான் பொல்லாதது. அதற்கப்புறம் தெருநாய்கள் குரைப்பதையும் பெரம்பூர் பக்கம் கூட்ஸ் வண்டி போவதையும் கேட்டுக்கொண்டே புரண்டு கிடப்பேன். பால் பாக்கெட் போடுகிற பையன் படியேறும் நேரத்துக்குத்தான் கண் சொக்கும். அப்போது எழுந்து அடுப்படிக்குப் போயாக வேண்டும்.

நாங்கள் இருப்பது அயனாவரத்தில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. ஹாலில் என் மாமியார் படுத்திருப்பார். எண்பது வயதைத் தாண்டியவர். உள்ளே நானும் என் வீட்டுக்காரரும். அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் ஓசூரில் வேலை பார்க்கிறாள். எனக்குச் சேப்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. அந்த வேலையில் 68ஐ 86 என்று எழுதிவிட்டால் நாள் முழுக்கத் தேட வேண்டும். தூக்கம் கெட்ட அந்த வருஷத்தில் எண்கள் கண் முன்னாலேயே இடம் மாறின. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் யாராவது இரண்டாவது தடவை ஒரு கேள்வியைக் கேட்டால் எரிந்து விழுவேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சிடுசிடுத்துவிட்டு, பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

சொன்னால் எல்லோருக்கும் பதில் தயாராக இருக்கும். "வயசாகுதில்ல, அப்படித்தான்." "உடம்புல சூடு, எண்ணெய் தேச்சுக் குளி." "கசகசா அரைச்சுப் பால்ல போட்டுக் குடி." எண்ணெய்க் குளியல் இதமாகத்தான் இருந்தது, இப்போதும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. ஆனால் மூணேகால் முழிப்பு அதற்கு அசையவில்லை. எல்லாப் பதிலும் அக்கறையோடு சொன்னவைதான். ஆனால் "ராத்திரியில் என்ன நடக்கிறது?" என்று ஒருவரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக்கிற்குப் போனேன். உட்கார்ந்து எழுவதற்குள் பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் 0.25 மாத்திரையை எழுதிக் கொடுத்து, "ராத்திரி ஒண்ணு போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் அந்தக் கேள்வி இல்லை.

அந்த மாத்திரையை நான் போடவில்லை. காரணம் அத்தை. ராத்திரியில் அவர் பாத்ரூம் போக எழுந்தால் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். மாத்திரை போட்டு மரக்கட்டையாய்க் கிடந்தால் அவர் விழுந்தால்கூட எனக்குத் தெரியாது. பிறகுதான் அதைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அல்பிரசோலம் ஹெச்1 அட்டவணையில் இருக்கிற மருந்து. சீட்டு இல்லாமல் கடையில் கொடுக்கக் கூடாது, வாங்கினவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். நாள் கணக்கில் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். வயதானவர்களுக்குத் தடுமாறி விழும் ஆபத்தும் அதிகம். எங்கள் மாடியிலேயே ஒரு அக்கா "என்கிட்ட ஒரு அட்டை இருக்கு, ரெண்டு எடுத்துக்கோ" என்றார். இப்படிக் கை மாறும் அட்டைகள் எத்தனை வீட்டில் இருக்கின்றனவோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டவர் ஒரு மகளிர் மருத்துவர். மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது என்று அவரிடம் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாகத் தூக்கத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். "முழிப்பு வரும்போது எப்படி வருது? வேர்த்துப் போய் எழுந்துக்கறீங்களா, ஏதாவது சத்தமா, காலு குடையுதா, யூரின் முட்டுதா, இல்ல சும்மாவே கண்ணு முழிச்சுக்குதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்தும் கலந்து இருந்தது. ரெண்டு வாரம் காலையில் எழுந்ததும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். "ராத்திரில எழுதாதீங்க, மணியும் பார்க்காதீங்க. காலைல ஞாபகம் இருக்கறதை எழுதினா போதும்."

மகளின் பழைய நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரே தொல்லை என்று நினைத்திருந்தது நோட்டில் நாலைந்தாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

அவர் இன்னொன்றும் சொன்னார். ராத்திரியில் முழித்துக்கொள்வது யாருக்கும் நடப்பதுதானாம். தூக்கம் ஒரே நீளமாக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக, ராத்திரிக்கு நாலைந்து சுற்று. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே முடிந்துவிடும். விடியற்காலையை நெருங்க நெருங்க மேலோட்டமான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எல்லோருமே லேசாக முழிக்கிறார்கள், உடனே தூங்கிவிடுவதால் காலையில் நினைவிருக்காது. ஆக முழிப்பே நோய் இல்லை. அந்தச் சின்ன முழிப்பைப் பிடித்துப் பெரிதாக்குகிற ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அது என்ன என்று தேட வேண்டும்.

முதலில் கிடைத்தது என் பக்கத்தில் படுத்திருந்தது.

என் வீட்டுக்காரர் குறட்டை விடுவது கல்யாணமான புதிதிலிருந்தே தெரிந்ததுதான். அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போய்விட்டது. நோட்டில் எழுத எழுதத்தான் ஒன்று பிடிபட்டது: நான் முழித்தது குறட்டைச் சத்தத்துக்கு இல்லை, குறட்டை நின்றபோது. நல்ல சத்தமாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நிசப்தம். நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூச்சுச் சத்தம் இருக்காது. எனக்குள் ஏதோ ஒன்று அந்த இடைவெளியை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு அவர் தூக்கிப் போட்டதுபோல் ஒரு பெரிய மூச்சை இழுப்பார், மறுபடி குறட்டை. அவர் முழிக்க மாட்டார். முழிப்பு எனக்கு.

டாக்டரிடம் சொன்னதும், "உங்களைவிட உங்க வீட்டுக்காரரைத்தான் முதல்ல பார்க்கணும்" என்றார். தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நோய். ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்து வழி மூடிக்கொள்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடுகிறது. ராத்திரி முழுக்க இதேதான். மூன்று மாத்திரை போட்டும் அவருக்கு பி.பி. இறங்காமல் இருந்ததற்கும், பகலில் பேப்பர் படிக்கும்போதே தலை தொங்கியதற்கும், ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். சிறுநீருக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அடைத்த குழாயில் மூச்சை இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொண்டு, இதயம் சிறுநீரை அதிகமாக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் மட்டும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அவரைச் சம்மதிக்க வைக்கப் பட்டபாடு தனிப் பதிவாக எழுதலாம். "குறட்டைக்கெல்லாம் ஒரு டெஸ்ட்டா? எங்கப்பா விடாத குறட்டையா?" அவர் அப்பா தூக்கத்திலேயே போனவர். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, வரச்சொல்லு" என்றார். வீட்டுக்கே வந்து கருவியை மாட்டிவிட்டுப் போனார்கள்: விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை. மணிக்கு 5 தடவைக்குக் கீழே மூச்சு தடைப்பட்டால் பரவாயில்லை, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. அவருக்கு 38.

இப்போது சிபேப் என்ற கருவியோடு தூங்குகிறார். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் உலகுக்குச் சொன்ன முறை. முகமூடி வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கிறது. முதல் வாரங்களில் பிடுங்கிப் போட்டார். வாயும் மூக்கும் மூடும் பெரிய முகமூடிக்குப் பதில், மூக்கில் மட்டும் வைப்பதாக மாற்றின பிறகு ஒத்துக்கொண்டது. பி.பி. மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. ராத்திரி எழுவது அநேகமாக நின்றுவிட்டது. ஆண்களுக்கான சேதி என்று ஆரம்பத்தில் சொன்னது இதுதான். உங்கள் மனைவிக்குத் தூக்கம் இல்லை என்றால் உங்கள் மூச்சையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பெண்களே, உங்களையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் இந்த நோய் கூடுகிறது. நம் குறட்டையை வீட்டில் யாரும் கவனித்துச் சொல்வதில்லை. பகல் அசதி, தலைவலி, தூக்கம் கலைவது என்று வேறு முகத்தோடு வருவதால் தப்பிப்போகிறது. நானும் அந்தக் கருவியை மாட்டிப் பார்த்தேன். எனக்கு 5க்குக் கீழேதான்.

அத்தையின் விஷயம் சுலபமாக முடிந்தது. அவர் பி.பி.க்குப் போடும் மாத்திரைகளில் ஒன்று நீரைப் பிரிப்பது. அதை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார், ஆகவே விடியவிடிய பாத்ரூம். இதயநோய் டாக்டரிடம் கேட்டு அதைக் காலை வேளைக்கு மாற்றினோம். சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்து உட்காரச் சொன்னார். காலில் தேங்கிய நீர் படுக்கும் முன்பே வெளியேறிவிடும். இப்போது ராத்திரியில் ஒரு தடவைதான் எழுகிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை எடுத்து எது எந்த வேளை என்று பாருங்கள். நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

கால் குடைச்சலுக்கு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் சுமாராக இருந்தது, ஃபெரிட்டின் மிகவும் குறைவு. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின்தான். அதைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆனால் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் உள்ளே ஏதோ ஊர்வதுபோல இருக்கும், எழுந்து நடந்தால் நிற்கும். இதற்கு இரும்புக் குறைவு ஒரு முக்கியக் காரணம். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை, கூடவே நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. அந்த நேரத்தில் டீ, காபி கூடாது. குடைச்சல் போய்விட்டது.

வேர்வைதான் கடினம். மாதவிலக்கு நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஹைப்போதலாமஸ் பொறுமை இழந்துவிடுகிறது. துளி சூடு ஏறினாலும் தீப்பிடித்ததுபோல ரத்தத்தைத் தோலுக்குத் தள்ளி, வேர்வையைக் கொட்டவைக்கிறது. கழுத்திலிருந்து முகத்துக்கு ஒரு அனல் ஏறும், ரவிக்கை நனையும், பிறகு குளிரும். சென்னையில் இது இரட்டிப்பு. காற்றிலேயே ஈரம் நிற்பதால் வேர்வை உலராது, உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஏர் கூலர் இந்த ஊருக்கு உதவாததும் அதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரியும் 29, 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் நான் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருக்கிறேன். கோடையில் மட்டும் ஏ.சி.யை 26இல் வைத்து, கால்மாட்டில் ஒரு டேபிள் ஃபேன், பாலியெஸ்டர் நைட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தி. ஹார்மோன் சிகிச்சை இதற்கு நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர். ஆனால் என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருப்பதால் எனக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்தைக் கொடுத்தார். உங்களுக்கு எது பொருந்தும் என்பது உங்கள் குடும்ப வரலாற்றைக் கேட்கிற டாக்டரோடு உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டியது.

இத்தனையும் சரியான பிறகு நான் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் மூச்சு சீராக ஓடியது, அத்தை எழவில்லை, கால் குடையவில்லை, வேர்வை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் மூணேகாலுக்குக் கண் திறந்துகொண்டது.

உண்மையாகவே மனசு விட்டுப்போனது அப்போதுதான். முதலில் காரணங்களாவது இருந்தன. இப்போது காரணமே இல்லாமல் இருட்டில் கிடந்தேன். மகள் கல்யாணம், வீட்டுக் கடன், அத்தைக்கு அடுத்து எடுக்க வேண்டிய ஸ்கேன் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பகலில் இவை இத்தனை பெரியவை இல்லை. அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில் பால்கனிக்குப் போய் 14416க்கு அடித்தேன். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தூக்கத்துக்காக இதில் கூப்பிடலாமா என்று எனக்குத் தயக்கம். "தாராளமா கூப்பிடலாம்மா, சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாவது இப்படி இருந்தால் இது தனியாகச் சிகிச்சை பெற வேண்டிய தூக்கமின்மை என்றார். அதற்கு மருந்தில்லாத சிகிச்சை இருக்கிறது, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்றார்.

என் வீட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை நடக்கிற தூரம். 1794இலிருந்து இந்த ஊரில் இருக்கிற இடம். ஆனால் "கீழ்ப்பாக்கம்" என்றாலே சென்னையில் என்ன அர்த்தத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் தூக்கத்துக்காக ஒரு மனநல மருத்துவரைப் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளியாகச் சீட்டு போட்டுப் பார்க்கலாம், பைசா செலவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நான் மூக்குல குழாய் மாட்டிக்கிட்டுத் தூங்கலியா? நீ போய்ட்டு வா, நானும் வரேன்" என்றார். புரசைவாக்கத்தில் ஒரு சைக்காலஜிஸ்ட் கிடைத்தார். என் மகளைவிடப் பத்து வயதுதான் பெரியவராக இருப்பார்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. தூக்கத்தைக் கெடுத்த காரணம் ஒன்று. கெட்ட தூக்கத்தைக் கெட்டபடியே வைத்திருப்பது வேறொன்று. மாதக்கணக்கில் அந்தப் படுக்கையில் முழித்துக் கிடந்ததால், படுக்கை என்றால் முழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிட்டது. காரணங்கள் போன பிறகும் பழக்கம் போகவில்லை. அதை உடைக்க ஒரு முறை இருக்கிறது. பெயர் சிபிடி-ஐ. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பெரியவர்கள் எல்லோருக்கும் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த முதல் கிளினிக்கில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை மாதங்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

மறுபடி நோட்டு. படுக்கையில் கிடந்த நேரம் எவ்வளவு, அதில் தூங்கினது எவ்வளவு. எனக்கு வந்த கணக்கு: ராத்திரி 9.45 முதல் காலை 5.15 வரை ஏழரை மணி நேரம் படுக்கை, தூக்கம் சுமார் நாலேமுக்கால் மணி. 63 சதவீதம். 85க்கு மேல் இருக்க வேண்டும். தூங்காத நேரத்தைப் படுக்கையிலிருந்து வெட்டிவிடலாம் என்றார். இனி ராத்திரி 11.30க்கு முன் படுக்கக் கூடாது, காலை 5 மணிக்குமேல் கிடக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் இதேதான்.

தூக்கம் போதாமல் வந்தவளிடம் இன்னும் குறைவாகப் படு என்றால் என்ன நியாயம்! கேட்டேன். ஆர்தர் ஸ்பீல்மன் என்பவர் 1987இல் வகுத்த முறை இது, பசி நன்றாக ஏறட்டும், சாப்பாடு தானாக இறங்கும் என்றார். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை. தூக்கம் 85ஐத் தாண்டினால் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநிலை ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவர்கள், லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் தாங்களாக இதைச் செய்து பார்க்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கு ஸ்கூட்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

அந்த முதல் வாரங்கள் கஷ்டம்தான். ராத்திரி பத்திலிருந்து பதினொன்றரை வரை கண்ணைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாடு. டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவேன் என்பதால் மறுநாளைக்குக் காய் நறுக்குவது, இஸ்திரி போடுவது என்று நின்றுகொண்டே செய்தேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அண்ணா சாலையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன், அந்தக் குட்டித் தூக்கம் ராத்திரியின் பசியைத் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம் போடுவதை விட்டதுதான் எல்லாவற்றிலும் வலித்தது.

இரண்டாவது விதி, ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972இல் சொன்னது. படுக்கை தூங்க மட்டும். முழிப்பு வந்து கால் மணி, இருபது நிமிஷம் ஆகிவிட்டதுபோலத் தோன்றினால், மணி பார்க்காமல், எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கண் சொக்கினால்தான் திரும்பி வரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வேறு அறைக்கு நான் எங்கே போவது? ஹாலில் அத்தை. விளக்கைப் போட்டால் அவர் எழுந்துவிடுவார். சைக்காலஜிஸ்ட்டும் நானும் என் வீட்டின் வரைபடத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கடைசியில் சமையலறை என்று முடிவானது. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, மேலே ஜீரோ வாட்ஸ் பல்பு. கையில் போன் இல்லை. சாயங்காலம் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த உதிரி மல்லியை எடுத்துக் கட்டுவேன். பூக் கட்டக் கண் தேவையில்லை, விரலுக்கே தெரியும். மனசும் அதிலே ஓடாது, கவலையும் பெரிதாகாது. சில ராத்திரி ஒரு முழம் சேர்வதற்குள் கண் இழுக்கும், சில ராத்திரி பூ தீர்ந்துவிடும். ஒருநாள் அத்தை எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். "ஏம்மா, இந்த நேரத்துல சாமிக்கா?" என்றார். "இல்லத்தை, தூக்கம் வரதுக்கு" என்றேன். அவர் எதிரில் சுவரோரம் உட்கார்ந்து, பேசாமல் நாரைப் பிரித்துக் கொடுத்தார். தனக்கும் என் வயதில் வருஷக்கணக்கில் இப்படித்தான் இருந்தது, மாமாவிடம்கூடச் சொன்னதில்லை என்றார். அவர் காலத்தில் யாரிடம் சொல்லியிருப்பார் என்று எனக்கு நெஞ்சை அடைத்தது.

மற்றவை சின்னச் சின்ன மாற்றங்கள். அலுவலகத்தில் ஐந்து மணி டிகாஷன் காபியைப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் கொண்டுவந்தேன். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும், அந்தக் கணக்கில் சாயங்காலக் காபி படுக்கும்வரை கூடவே வருகிறது. படுக்கையறைச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி ஹாலில் மாட்டினோம். மகள் வாங்கித் தந்த வாட்ச் தினமும் காலையில் தூக்கத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. அது கை அசைவையும் நாடியையும் வைத்து ஊகிப்பதுதான், மூளையைப் பார்ப்பதில்லை. மார்க் குறைந்த நாளில் எனக்கு அசதி கூடியது. அதையும் கழற்றிவிட்டேன். கவலைகளுக்குச் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார். நோட்டில் இடது பக்கம் கவலை, வலது பக்கம் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியம். "ஸ்கேன்" என்று இடது பக்கம் எழுதினால் வலது பக்கம் "காலை பத்து மணிக்கு லேபுக்குப் போன்". மூணு மணிக்கு அது மறுபடி வந்து நின்றால், உன் நேரம் ஆறரை என்று அனுப்பிவிட முடிகிறது. எப்போதும் முடிவதில்லை, பெரும்பாலும் முடிகிறது.

இப்போது 10.15க்குப் படுக்கிறேன், 5 மணிக்கு எழுகிறேன். நடுவில் ஆறு மணி நேரம்போலத் தூக்கம். முழிப்பு இன்னும் ஒரு தடவை வருகிறது. ஆனால் அது என்னைப் பிடித்து உலுக்குவதில்லை. புரண்டு படுத்தால் போய்விடுகிறது. ஆடி மாசத்தில் தெருக்கோடி அம்மன் கோயிலில் விடியற்காலையிலேயே ஒலிபெருக்கி ஆரம்பித்தபோது எல்லாம் மறுபடி கலைந்தது. நோட்டை எடுத்து, படுக்கும் நேரத்தை ஒரு வாரத்துக்குப் பதினொன்றுக்குத் தள்ளினேன். திரும்பவும் பிடிபட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டாக்டரிடம் போகும்போது ரெண்டு வாரக் குறிப்பும், வீட்டில் எல்லோரும் போடும் மாத்திரைகளின் பட்டியலும் கொண்டுபோங்கள். தைராய்டு, சர்க்கரை, ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறட்டையைப் போனில் ஒரு நிமிஷம் பதிவுசெய்து எடுத்துப் போங்கள். எங்களுக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்தது. மனசு சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்கு இருந்தால் குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே 14416க்கு அடியுங்கள். சைக்காலஜிஸ்ட்டிடம் நேரம் வாங்கும்போதே "தூக்கத்துக்குச் சிபிடி-ஐ செய்வீங்களா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எல்லோரும் செய்வதில்லை. செய்யாதவர்கள் செய்பவரின் பெயரைச் சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.